பங்குனியில் காலியாகும் பைகள்: கோடைக்கு எதை விதைப்பது?

பங்குனி பிறக்கும்போது மாடித்தோட்டம் வைத்திருக்கிற எல்லோருக்கும் ஒரே கேள்விதான். தைப்பட்டத்தில் போட்ட செடிகளில் பாதி ஓய்ந்துபோயிருக்கும். ஆடிப்பட்டம் வர இன்னும் நான்கு மாதம். நடுவில் நிற்பது கோடை. காலியான பைகளை ஓரமாக அடுக்கிவிட்டு ஆடி வரட்டும் என்று இருப்பதா, இல்லை இந்த வெயிலிலும் வீட்டுக்குக் காய் எடுப்பதா? எடுப்பது என்றால் கீரையா, வெண்டையா, பந்தல் கொடியா, பழகிப்போன தக்காளியும் மிளகாயுமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோடையில் காய் எடுக்கலாம், நன்றாகவே எடுக்கலாம். மற்ற பட்டங்களில் வீட்டில் என்ன காய் அதிகம் செலவாகிறதோ அதை விதைப்போம். கோடையில் அந்தக் கணக்கு உதவாது. ஊற்றுகிற தண்ணீருக்கு எந்தச் செடி சீக்கிரமாகவும் நிச்சயமாகவும் பலன் தருமோ அதற்குத்தான் பையைக் கொடுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் கீரைக்கு முதலிடம். வெண்டையும் கொத்தவரையும் அடுத்து. கொடி வகை சில வீடுகளுக்கு மட்டும். சமவெளியில் தக்காளி இந்த நான்கு மாதத்துக்கு வேண்டவே வேண்டாம். காரணங்களைச் சொல்கிறேன், உங்கள் மாடிக்கு எது பொருந்தும் என்று நீங்களே வைத்துப் பாருங்கள்.

எந்த ஊர் வெயில்?

தமிழ்நாடு முழுக்க ஒரே மாதிரிக் கோடை கிடையாது. கோவை, பொள்ளாச்சிப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வரும். சித்திரையிலேயே இரண்டு மூன்று கோடை மழை கிடைத்துவிட்டால் அங்கே தோட்டம் தப்பித்துவிடும். வேலூர், திருத்தணி, கரூர், மதுரை, திருச்சி என்றால் 40 டிகிரி சர்வசாதாரணம். சென்னையின் கதை வேறு. மதியம் கடற்காற்று வந்துவிட்டால் பரவாயில்லை. மே கடைசியில் மேற்குக் காற்று அதைத் தடுத்துவிடும் நாட்கள்தான் கொடுமை. சென்னையில் 45 டிகிரி பதிவானது 2003 மே 31 அன்று. காலண்டர்ப்படி அக்னி நட்சத்திரம் மே 28 வாக்கில் முடிந்துவிடுகிறது, ஆனால் சென்னை மாடியில் ஜூன் முதல் இரண்டு வாரமும் அக்னிதான்.

இது எதற்கு முக்கியம் என்றால், செடிக்கு எப்போது பூ வரும் என்பதை இதை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். வெயிலில் வளர்வதில் பெரும்பாலான செடிகளுக்குப் பிரச்சினை இல்லை. பூத்துக் காய் பிடிக்கிற நேரத்தில் அடிக்கிற வெயில்தான் சிக்கல். பூவே தேவைப்படாத கீரைக்கு அந்தச் சிக்கலும் இல்லை.

இன்னொன்று, மாடித் தரை. நிலத்தில் இருக்கும் செடியின் வேர் ஓர் அடி ஆழத்தில் குளிர்ச்சியாக இருக்கும். மாடியில் இருக்கும் பைக்கு மேலே வெயில், பக்கவாட்டிலும் வெயில், கீழே கொதிக்கிற கான்கிரீட். எந்தப் பயிரைத் தேர்ந்தாலும் சரி, பையை நேராகத் தரையில் வைக்காதீர்கள். நான்கு செங்கல்லோ பழைய மரப்பலகையோ கீழே கொடுத்துக் காற்றுப் போக வழிவிட்டால் வேருக்குப் பெரிய ஆறுதல்.

கீரை

முளைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை, அரைக்கீரை எல்லாம் ஒரே குடும்பம். சோளமும் கரும்பும் போல இவையும் சி-4 வகைத் தாவரங்கள். கடும் வெயிலிலும் குறைந்த தண்ணீரில் உணவு தயாரிக்கிற திறமை இவற்றுக்கு இயற்கையாகவே உண்டு. கோடைக்கென்றே செய்த செடி என்று சொல்லலாம்.

காலக்கணக்கைப் பாருங்கள். முளைக்கீரையை விதைத்த 21 முதல் 25 நாளில் வேரோடு பிடுங்கலாம். சிறுகீரைக்கு நான்கு வாரம் வரை ஆகலாம். அரைக்கீரை முதல் அறுப்புக்கு வர ஒரு மாதம் எடுத்துக்கொண்டாலும், இரண்டு அங்குலத் தண்டை விட்டு அறுத்தால் பத்துப் பன்னிரண்டு நாளில் மறுபடி தழைத்துவிடும். இரண்டு மூன்று மாதம் அறுத்துக்கொண்டே இருக்கலாம். தப்பிப்போனாலும் நஷ்டம் மூன்று வாரத் தண்ணீரும் ஒரு பிடி விதையும்தான். வெண்டையோ சுரையோ கெட்டுப்போனால் இரண்டு மாத உழைப்பு போய்விடும். கோடைக்குக் கீரையை முதலில் வைக்க எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

பை ஆழமாக வேண்டியதில்லை. முக்கால் அடி மண் தாராளம், ஆனால் அகலம் வேண்டும். மீன் பெட்டி, பழக்கூடை, அகலமான க்ரோ பேக் எதுவும் ஆகும். விதை கடுகைவிடச் சின்னது, அப்படியே தூவினால் ஓரிடத்தில் கொத்தாக விழும். நாலு பங்கு மணலோடு கலந்து தூவுங்கள். கோடையில் எறும்பு அதிகம், விதைத்த அன்றே வரிசை கட்டி விதையைத் தூக்கிப்போய்விடும். பெட்டியைச் சுற்றிக் கொஞ்சம் அரிசி மாவையோ ரவையையோ தூவி வைத்தால் எறும்பு அதில் மும்முரமாகிவிடும், விதைக்கு முளைக்க மூன்று நாள் கிடைத்துவிடும்.

முளைத்து இரண்டிலை விடும் வரைதான் கீரைக்கு ஆபத்துக்காலம். மேல் மண் ஒரு மதியம் காய்ந்தாலே நாற்று சுருண்டுவிடும். அந்தப் பத்து நாளுக்கு மட்டும் 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே வையுங்கள், பூவாளியால் காலையும் மாலையும் தண்ணீர் தெளியுங்கள். வேர் இறங்கியபிறகு முளைக்கீரையும் தண்டுக்கீரையும் நேர் வெயிலைத் தாங்கும். தொடர்ந்து வலைக்குக் கீழேயே விட்டால் தண்டு மெலிந்து நீளும், இலை சிறுக்கும்.

இலையின் அடிப்பக்கத்தில் வெள்ளைப் புள்ளி புள்ளியாக வந்தால் அது வெண்துரு நோய். ராத்திரி முழுக்க இலை ஈரமாக இருந்தால் வரும். மாலைத் தண்ணீரை மண்ணுக்கு மட்டும் விட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒன்றிரண்டு இலையில் இருந்தால் கிள்ளி எறிந்துவிடலாம்.

கீரை என்றதும் எல்லாக் கீரையையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டாம். கொத்தமல்லி இந்த வெயிலில் நாலு இலை விட்டதும் பூவுக்குப் போய்விடும். பாலக்கும் அப்படித்தான், இலை கடினமாகிவிடும். வெந்தயம் மட்டும் மூன்று வாரத்துக்குள் பிடுங்கிவிடுவதாக இருந்தால் நிழலில் வரும். கொடிப்பசலை, பொன்னாங்கண்ணி, புளிச்சக்கீரை மூன்றும் கோடைக்குச் சளைத்தவை அல்ல. இவற்றில் பசலை அதிகம் வேலை வைக்காது, ஒரு தண்டை ஒடித்து நட்டாலே போதும்.

அறுவடையை வெயில் ஏறுவதற்கு முன் முடித்துவிடுங்கள். ஆறு மணிக்கு அறுத்த கீரை மதியச் சமையல் வரை விறைப்பாக இருக்கும். பத்து மணிக்கு அறுத்தது கைக்கு வரும்போதே துவண்டிருக்கும். கடையில் கோடைக்காலத்தில் வாங்குகிற கீரைக்கட்டு எப்படி இருக்கும் என்று தெரியுமே, அதைப் பார்த்த பிறகு வீட்டுக் கீரையின் மதிப்பு தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரே நாளில் எல்லாப் பெட்டியிலும் விதைப்பதுதான் பலரும் செய்வது. மூன்று வாரம் கழித்து ஒரே நாளில் வீடு முழுக்கக் கீரை, அடுத்த மூன்று வாரம் ஒன்றுமில்லை. மூன்று பெட்டி வைத்திருந்தால் பத்து நாள் இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக விதையுங்கள்.

வெண்டையும் கொத்தவரையும்

வெயிலைக் குடித்து வளரும் காய் எது என்று கேட்டால் வெண்டைதான். 20 டிகிரிக்குக் கீழே முளைக்கவே யோசிக்கும் விதை இது. பங்குனி முதல் வாரத்தில் விதைத்தால் சித்திரை நடுவில், அதாவது ஏப்ரல் கடைசியில் முதல் காய். அங்கிருந்து ஜூன் நடு வரை ஓடும். அக்னி நட்சத்திரம் முழுக்க வீட்டில் வெண்டைக்காய் இருக்கும். கத்தரி வெயிலில் மற்ற செடிகள் தலைதொங்கும்போது வெண்டை பூத்துக்கொண்டிருப்பதைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம்.

ஆனால் எண்ணிக்கையில் ஏமாறாதீர்கள். ஒரு செடி இரண்டு நாளுக்கு ஒரு காய்தான் தரும், நன்றாக வந்தாலும் ஒன்றரை. ஒரு பிஞ்சு 15 கிராம் இருக்கும் என்று வைத்தால், நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு வேளைப் பொரியலுக்கு இருபது காய் வேண்டும். பத்துச் செடி இருந்தால் நாலு நாளைக்கு ஒருமுறை பொரியல். மூன்று செடி வைத்துவிட்டு வெண்டை சரியாகக் காய்க்கவில்லை என்று சலித்துக்கொள்கிறவர்கள் நிறைய. செடி சரியாகத்தான் காய்த்திருக்கும். பத்துச் செடி வைக்க இடமில்லையென்றால் வெண்டைக்குப் போகாமல் கீரையோடு நிற்பது நல்லது.

ஆணிவேர் ஆழமாகப் போகும் செடி என்பதால் நாற்றுவிட்டுப் பிடுங்கி நடக்கூடாது. விதையை ராத்திரி ஊறவைத்து நேராகப் பையில் ஊன்றுங்கள். 12 அங்குலப் பையில் ஒன்று, 15 அங்குலப் பையில் இரண்டு. தைப்பட்டத்தில் தக்காளி இருந்த பையைப் பயன்படுத்துவதாக இருந்தால், பழைய வேரை ஒருமுறை பிடுங்கிப் பாருங்கள். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் அந்த மண்ணில் வேர்முடிச்சு நூற்புழு இருக்கிறது. வெண்டைக்கு அதைத் தாங்கும் சக்தி மிகக் குறைவு, செடி அரையடியில் நின்றுவிடும். அந்தப் பையை என்ன செய்வது என்று பின்னால் சொல்கிறேன்.

கோடை வெண்டைக்கு ஒரே பெரிய எதிரி மஞ்சள் நரம்புத் தேமல். இலை நரம்புகள் மஞ்சளாகி, பிறகு இலை முழுக்க வெளுத்து, காயும் மஞ்சளாக வரும். வெள்ளை ஈ பரப்புகிற வைரஸ் இது, வந்த செடிக்கு மருந்து கிடையாது. வேப்பெண்ணெய் அடித்துக் காப்பாற்றிவிடலாம் என்று ஒரு வாரம் காத்திருந்தால் பக்கத்துச் செடிகளும் போகும். முதல் மஞ்சள் நரம்பைப் பார்த்த அன்றே பிடுங்கிவிடுங்கள், மனசு கேட்காது, ஆனாலும் பிடுங்குங்கள். வெள்ளை ஈ வருவதற்கு முன்பே மஞ்சள் ஒட்டுப்பொறி இரண்டு தொங்கவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக்கரைசலில் கலந்து மாலையில் வாரம் ஒருமுறை இலையின் அடியில் தெளித்து வருவதுதான் பாதுகாப்பு. வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

விதைத் தேர்விலும் இதைப் பார்க்க வேண்டும். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் கொடுத்த அர்கா அனாமிகா இந்தத் தேமலைத் தாங்கும்படி உருவாக்கியது. இப்போது எல்லா இடத்திலும் முழுப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாவிட்டாலும் கோடைக்கு ஓரளவு நம்பலாம். நாட்டு வகைகளில் யானைத்தந்த வெண்டையும் சிவப்பு வெண்டையும் சுவைக்குப் பேர்போனவை, விதையும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். நானாக இருந்தால் பாதிக்குப் பாதி போடுவேன். இவை தவிரக் கடையில் கிடைக்கும் ஒட்டுரக விதையிலிருந்து எடுக்கும் அடுத்த தலைமுறை அதே போல வராது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பறிப்பது ஒருநாள் விட்டு ஒருநாள், காலையில். பூ உதிர்ந்த நாலு ஐந்து நாளில் காய் பறிப்புக்கு வந்துவிடும். கோடையில் இன்னும் வேகம், இரண்டு நாள் மறந்தால் முற்றிவிடும். நுனியை ஒடித்துப் பார்த்து வாங்குகிற அதே பரீட்சைதான், செடியிலேயே செய்யலாம். முற்றிய காயைச் சாப்பிட முடியாவிட்டாலும் செடியில் விட்டுவைக்கக்கூடாது, விதை கட்ட ஆரம்பித்தால் செடி புதிதாகப் பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு பறியுங்கள், செடியில் இருக்கும் சின்ன முடிகள் வியர்வையோடு சேர்ந்தால் கை அரிக்கும்.

கொத்தவரை இதைவிடவும் வறட்சி தாங்கும். ராஜஸ்தானின் மணல்காட்டில் மானாவாரியாக விளைகிற பயிர், நம் மாடி வெயில் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பயறு வகை என்பதால் வேரிலேயே தழைச்சத்தைப் பிடித்துக்கொள்ளும், உரம் பெரிதாக வேண்டாம். ஒரு நாள் தண்ணீர் விட மறந்தாலும் மன்னித்துவிடும். பூசா நவ்பஹார் போலக் கிளைக்காமல் ஒரே தண்டாக வளரும் ரகத்தில் 12 அங்குலப் பையில் மூன்று செடி நிற்கும். ஐம்பது நாளில் காய் ஆரம்பித்துவிடும்.

இதன் குறை, கொத்தவரை எல்லா வீட்டிலும் விரும்பிச் சாப்பிடும் காய் இல்லை. பருப்பு உசிலி செய்கிற வீடு என்றால் யோசிக்காமல் போடுங்கள். அதிகமாகக் காய்த்துவிட்டால் உப்புப் போட்டு அரைவேக்காடாக வேகவைத்து, மோரில் ஊறவைத்து வற்றலாகக் காயவைத்துவிடலாம், அதற்குத் தேவையான வெயில் தலைக்கு மேலேயே இருக்கிறது. நார் கட்டுவதற்கு முன், விரல் நீளத்தில் பிஞ்சாகப் பறிக்க வேண்டும் என்பதுதான் ஒரே நிபந்தனை.

காராமணியும் இதே கூட்டத்தில் சேரும். ஆனால் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி மொய்க்கும். தினமும் செடியைப் பார்க்க நேரம் இருப்பவர்களுக்குச் சரி.

கொடி போடலாமா?

சுரை, பீர்க்கு, புடலை, பாகல் எல்லாம் தையிலும் ஆடியிலும் விதைக்கிறவை. தையில் விதைத்த கொடி பங்குனியில் காய்த்துக்கொண்டிருக்கும், அதை எடுக்கச் சொல்லவில்லை. பங்குனியில் புதிதாக விதைப்பதா என்பதுதான் கேள்வி. பையில் மட்டும் வைக்க முடிகிறவர்களுக்கு என் பதில் பாகலைத் தவிர மற்றது வேண்டாம் என்பதே.

காரணம் இரண்டு. முதலில் தண்ணீர். பந்தல் நிறையப் படர்ந்த சுரைக்கொடியின் அகல இலைகள் மே மாத மதியத்தில் விடுகிற நீராவிக்கு ஒரு பை மண்ணின் ஈரம் ஈடுகொடுக்காது. காலையில் நிறைய ஊற்றினாலும் இரண்டு மணிக்கு இலைகள் தொங்கிவிடும். இரண்டாவது பூ. பகல் நீண்டு வெயிலும் ஏறும்போது இந்தக் கொடிகளில் ஆண்பூ கூடும், பெண்பூ குறையும். கொடி பச்சைப்பசேலென்று படர்ந்திருக்கும், காய் மட்டும் இருக்காது.

பெண்பூ வந்தாலும் நாலாம் மாடிக்குத் தேனீ வருவது சந்தேகம். கையால் மகரந்தம் தொட்டு வைக்க வேண்டும். அதற்கு நேரம் தெரிய வேண்டும்: பாகலும் வெள்ளரியும் பூசணியும் காலையில் மலரும். சுரையும் பீர்க்கும் புடலையும் பொழுது சாயும்போது மலரும். காலையில் போய்ச் சுரைப்பூவைத் தொட்டுக்கொண்டிருந்தால் பலன் இல்லை.

பாகலுக்கு இலை சிறியது, கொடி மெல்லியது, ஓரளவு வெயில் தாங்கும், பூவும் காலையில். 15 அங்குலப் பையில் ஒரு கொடி வைத்து, கைப்பிடிச் சுவரில் கயிறு கட்டி ஏற்றலாம். வெள்ளரியும் ஆசையாகத்தான் இருக்கும், 45 நாளில் காய்த்தும்விடும். ஆனால் தண்ணீர் ஏறி இறங்கினால் கோடையில் காய் கசந்துபோகும். ஒருநாளும் தவறாமல் தண்ணீர் விட முடிகிறவர்கள் மட்டும் முயற்சி செய்யுங்கள்.

கீழே ஒரு முழ மண் உள்ள தனி வீடு என்றால் இந்தப் பதில் முழுக்க மாறிவிடும். அங்கே கொடிதான் ராஜா. சுற்றுச்சுவர் ஓரம் ஒன்றரை அடிக் குழி வெட்டி, தொழு உரம் நிரப்பி, விதையைத் தரையில் ஊன்றிக் கொடியை மட்டும் கயிறு வழியே மாடிக்கு ஏற்றுங்கள். ஓட்டு வீட்டிலும் கூரை வீட்டிலும் சுரையையும் பூசணியையும் இப்படித்தான் ஏற்றினார்கள். வேர் குளிர்ந்த மண்ணில் இருக்கும், பந்தல் மாடியில் இருக்கும், மேல்வீட்டு அறையின் சூடும் குறையும். பந்தலுக்குக் கீழே கீரைப் பெட்டிகளை வைத்தால் நிழல்வலை வாங்கும் செலவும் மிச்சம். குழியில் பாத்திரம் கழுவிய சோப்புத் தண்ணீரை விடாமல், அரிசி களைந்தது, காய் கழுவியது போன்றவற்றை விட்டாலே ஒரு கொடிக்கு ஓரளவு ஆகிவிடும்.

பழ ஈ கோடையிலும் வரும். பிஞ்சில் ஓட்டை போட்டு முட்டை வைத்துவிட்டால் காய் கோணலாகி அழுகும். பூ வாடியதும் பிஞ்சைத் துணிப்பையால் மூடிவிடுங்கள். ஆண் ஈக்களை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி ஒன்று தொங்கவிட்டால் இன்னும் நல்லது.

தக்காளி, கத்தரி, மிளகாய்

எல்லோருக்கும் ஆசை தக்காளி மேல்தான். நாற்றுப்பண்ணையிலும் மார்ச் மாதம் நாற்று விற்றுக்கொண்டுதான் இருப்பார்கள். வாங்காதீர்கள். தக்காளி காய் பிடிப்பதற்கு ராத்திரிக் குளிர்ச்சி வேண்டும். பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் மகரந்தம் செயலிழந்து பூ அப்படியே உதிரும். சென்னையிலும் வேலூரிலும் மே மாத ராத்திரி 27, 28 டிகிரியில் நிற்கும். நிழல்வலை பகல் சூட்டைக் கொஞ்சம் குறைக்கும், ராத்திரியை ஒன்றும் செய்யாது. தேங்காய்ப்பாலும் மோரும் சேர்த்துப் புளிக்கவைத்த தேமோர் கரைசல் தெளித்தால் பூ நிற்கும் என்பார்கள். நல்ல பருவத்தில் அது உதவலாம், வெந்த மகரந்தத்துக்கு உயிர் கொடுக்க அதனால் முடியாது. குட்டித் தக்காளி எனப்படும் செர்ரி வகை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். ஓசூர், ஏற்காடு, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தப் பத்தி பொருந்தாது, அவர்கள் தாராளமாக வைக்கலாம்.

கத்தரியைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயம். புதிதாக விதைக்க வேண்டாம், இருப்பதைப் பிடுங்கவும் வேண்டாம். தைப்பட்டத்துக் கத்தரி பங்குனியில் களைத்து, காய் சிறுத்துப்போயிருக்கும். அப்போதே ஓர் அடி உயரம் விட்டுக் கவாத்துச் செய்யுங்கள். புழு குடைந்த தண்டுகளும் மாவுப்பூச்சி பிடித்த இலைகளும் அதோடு போய்விடும். பைக்கு இரண்டு கை மண்புழு உரம் போட்டு, மேலே சருகு மூடாக்குப் போட்டு, அரை நிழலுக்கு நகர்த்திவிட்டால் மூன்று வாரத்தில் புதுத் தளிர். மே கடைசியிலிருந்து மறுபடி காய்க்க ஆரம்பிக்கும். வேலூர் இலவம்பாடி முள் கத்தரி போன்ற நாட்டு ரகம் வைத்திருந்தால் அவசரப்பட்டுப் பிடுங்கவே கூடாது. அக்னி நட்சத்திரம் தொடங்கிய பிறகு கவாத்துச் செய்யாதீர்கள், வெட்டிய தண்டு காய்ந்துவிடும்.

மிளகாய்க்கு இலைப்பேனும் சிலந்திப்பேனும் கோடையில்தான் அதிகம், இலை சுருண்டுகொண்டே போகும். பழைய செடி இருந்தால் அரை நிழலில் காப்பாற்றி வையுங்கள், புதிது வேண்டாம்.

விதைக்காமல் விடுவது

இதையும் ஒரு தேர்வாக எடுத்துக்கொள்ள வேண்டும். வேரில் முடிச்சுக் கண்ட பைகள், தொடர்ந்து செடி வாடிச் செத்த பைகள், இவற்றுக்குக் கோடையைவிட நல்ல வைத்தியம் கிடையாது. மண்ணை ஈரமாக்கி, கண்ணாடி போன்ற மெல்லிய பாலித்தீன் தாளால் காற்றுப் புகாமல் மூடி, நேர் வெயிலில் நாலிலிருந்து ஆறு வாரம் விட்டுவிடுங்கள். உள்ளே ஏறும் சூட்டில் நூற்புழுவும் பூஞ்சணமும் களை விதையும் பெருமளவு அழிந்துவிடும். கறுப்புத் தாளைவிட ஒளி ஊடுருவும் தாள்தான் இதற்குச் சூடு ஏற்றும். நல்ல நுண்ணுயிரும் சேர்ந்து குறையும் என்பதால் ஆடிக்கு முன் மண்புழு உரத்தோடு டிரைக்கோடெர்மா, அசோஸ்பைரில்லம் என்ற நன்மை செய்யும் நுண்ணுயிர்களையும் கலந்து மண்ணுக்குத் திரும்ப உயிர் கொடுக்க வேண்டும். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தருகிற மாடித்தோட்டத் தொகுப்பு உங்களிடம் இருந்தால், அதில் வந்த உயிர் உரம் இதற்கு ஆகும், காலாவதி தேதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரும் ஊருக்குப் போவதும்

வளர்ந்த வெண்டை நிற்கும் 12 அங்குலப் பைக்கு மே மாதத்தில் தினம் ஒன்றரை லிட்டரிலிருந்து இரண்டு லிட்டர் வரை பிடிக்கும். பத்துப் பை என்றால் ஒரு பெரிய வாளிக்குக் குறையாது. வீட்டுக்கே லாரித் தண்ணீர் வாங்குகிற தெருவில் இருப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு விதையுங்கள். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வற்றிக்கிடந்தது யாருக்கும் மறந்திருக்காது. அப்படிப்பட்ட வருஷத்தில் இரண்டு கீரைப் பெட்டியும் நாலு கொத்தவரையும் போதும்.

ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றலாம், அதில் உப்பே கிடையாது. ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரை மட்டும் பைக்கு விடாதீர்கள். அதன் உப்பு மண்ணிலேயே தங்கும், கோடையில் கழுவிவிட மழையும் கிடையாது. குழாயை மதியத்தில் திறந்தால் முதலில் வருவது கொதிநீர், அதைச் செடிக்குக் காட்டவே கூடாது. காலை ஏழு மணிக்கு முன் ஒரு நேரம், தேவைப்பட்டால் ஐந்து மணிக்குப் பிறகு கொஞ்சம். கோகோபீட் என்கிற தேங்காய் நார்க்கழிவு அதிகம் உள்ள பையில் மேல் மண் வெளுத்துக் காய்ந்தது போல இருக்கும், கீழே சொதசொதவென்று இருக்கும். விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பார்த்த பிறகே ஊற்றுங்கள்.

அப்புறம், மே மாதம் பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போவீர்களா? விதைக்கும் முன் இதை முடிவுசெய்துகொள்ளுங்கள். மூன்று நாள் என்றால் எல்லாப் பையையும் நிழலில் நெருக்கி வைத்து, தண்ணீர் நிறைய விட்டு, தேங்காய் மட்டையாலும் சருகாலும் மூடிவிட்டுப் போகலாம், கொத்தவரையும் கத்தரியும் தப்பிக்கும். ஒரு வாரத்துக்கு மேல் என்றால் டைமர் வைத்த சொட்டுநீர் வேண்டும், அல்லது சாவியை நம்பிக் கொடுக்கப் பக்கத்து வீட்டு அக்கா வேண்டும். பறிக்கிற வெண்டை அவர்களுக்கே என்று சொல்லிவிட்டுப் போங்கள், அவர்களுக்கும் சந்தோஷம், காயும் முற்றாது. இரண்டுமே இல்லையென்றால் வெண்டை வேண்டாம். கிளம்பும் தேதியிலிருந்து பின்னோக்கி 25 நாள் எண்ணி முளைக்கீரை விதையுங்கள், கிளம்பும் முன் பிடுங்கிச் சமைத்துவிட்டுப் பைகளுக்குப் பாலித்தீன் போர்த்திவிட்டுப் போகலாம்.

பத்துப் பையும் இரண்டு பெட்டியும் இருந்தால்

அடுக்குமாடியில் இருந்துகொண்டு, கோடை முழுக்க ஊரிலேயே இருக்கிற ஒரு குடும்பத்துக்கு நான் சொல்வது: இரண்டு பெட்டியிலும் பத்து நாள் இடைவெளியில் முளைக்கீரையும் அரைக்கீரையும். 15 அங்குலப் பை ஐந்தில் இரண்டிரண்டாகப் பத்து வெண்டை. இரண்டு பையில் ஆறு கொத்தவரை. ஒன்றில் பாகல். ஒன்றில் கவாத்துச் செய்த கத்தரி. மிச்சம் ஒரு பை சந்தேகத்துக்கு இடமானதாகத்தான் இருக்கும், அதற்குப் பாலித்தீன். கொத்தவரை பிடிக்காத வீடு என்றால் அந்த இரண்டு பையிலும் கொடிப்பசலை.

நாட்டு வெண்டை வைத்தவர்கள், தேமல் வராத செடியாகப் பார்த்து மே நடுவில் இரண்டு காயைப் பறிக்காமல் விட்டுவிடுங்கள். செடியிலேயே காய்ந்து, ஓரம் வெடிக்கத் தொடங்கும்போது எடுத்து விதையைச் சாம்பலில் புரட்டி வைத்தால் ஆடிக்கு ஆகும். ஆனி பிறந்ததும், போர்த்திவைத்த பையைத் திறந்து உரம் கலக்குங்கள். அதே வாரத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய் விதையை நாற்றுத்தட்டில் போட்டுவிட்டால், ஆடிக்காற்று தொடங்கும்போது எடுத்து நட நாற்று தயாராக இருக்கும்.